சிவப்புத் துணி கட்டிய போத்தல்

எங்கள் வீட்டுக் குசினிக் கதவுக்குப் பின்னால் ஓர் அரிசிச் சாக்கு தொங்குகிறது. அதற்குள் யோகட் கோப்பைகள், பால்மா டின்கள், மை தீர்ந்த பேனைகள், நூல் தீர்ந்த கட்டைகள், முறிந்த குடைக் கம்பிகள், எல்லாவற்றையும் விட அதிகமாகப் போத்தல்கள். அந்தச் சாக்கு என் மகளுடைய சொத்து. ஆண்டு நாலில் படிக்கிறாள். அவளைக் கேட்காமல் அதற்குள் கை வைக்க எனக்கும் உரிமை இல்லை, அவளுடைய அப்பாவுக்கும் இல்லை.

இது பள்ளிக்கூடத்தால் வந்த பழக்கம். விடுமுறை விட்டால் பிள்ளைகள் போனும் கையுமாகக் கிடக்கிறார்கள் என்று வகுப்பாசிரியை பெற்றோருக்கான வட்ஸ்அப் குழுவில் குரல் பதிவுகள் அனுப்பத் தொடங்கினார். வீட்டில் எறிகிற சாமான்களை வைத்தே பிள்ளைகள் விஞ்ஞானமும் கணிதமும் தொழில்நுட்பமும் செய்து பழகலாம், ஒரு சதமும் செலவில்லை என்றார். மற்ற அம்மாமார் கைகூப்பும் படம் போட்டார்கள். நான் போடவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது.

நான் பயந்த சுபாவம். அதை மறைத்து ஒரு பிரயோசனமும் இல்லை. கத்தரிக்கோலைக் கண்டால் எனக்குக் கண்தான் நினைவுக்கு வரும். சின்னப் பற்றரியைக் கண்டால் தொண்டை நினைவுக்கு வரும். ஈர்க்கில் நெஞ்சில் குத்துவதையும் பலூன் மூச்சுக்குழலில் அடைப்பதையும் நான் விழித்திருக்கும்போதே கனவு கண்டிருக்கிறேன். என் கணவருக்கு வவுனியாவில் வேலை. வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போய்விடுவார். வந்து நிற்கிற அந்த இரண்டு நாளும் என்னைப் பகிடி பண்ணுவதுதான் அவருக்கு ஓய்வு. "உமக்குப் பயப்பிட ஒண்டும் கிடைக்காட்டில் அதுக்கும் பயப்பிடுவீர்" என்பார்.

எறிகிற சாமான்கள் என்று ஆசிரியை சொன்னதுதான் எனக்குச் சிரிப்பாக இருந்தது. எங்கள் கோப்பாயில் யார் எதை எறிந்தது? சண்டை நடந்து மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்தில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டு, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் படித்துச் சோதினை எழுதியவர்கள் நாங்கள். அந்தக் காலத்தை நினைத்து உருகுகிறவள் அல்ல நான், அது நாசமாய்ப் போகட்டும். ஆனால் கை அன்று பழகியது பழகியதுதான். வெறும் போத்தலைக் கண்டால் அது தானாகவே கழுவிக் கவிழ்த்து வைத்துவிடும். நல்லெண்ணெய் ஒன்றில், வினாகிரி ஒன்றில், கிணற்றடிக்குப் போகிற சவர்க்காரத் தண்ணீர் ஒன்றில். எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டிலும் இதுதான் வழக்கம்.

வீட்டுக்குப் பின்னால் எங்கள் தோட்டக் காணி இருக்கிறது. அதைப் பக்கத்து வீட்டு அண்ணை செய்கிறார். இந்தப் போகம் வெங்காயம். காணியும் கிணறும் எங்களுடையவை, பாடு அவருடையது. கிணற்றடியில் ஒரு மோட்டர் கொட்டில். மண்வெட்டி, குழாய்ச் சுருள், மருந்தடிக்கிற மெஷின் எல்லாம் அவர் அங்கேதான் வைப்பார். காலையில் அவர் தோட்டத்தில் இறங்கினால், நான் பெரிய சோடாப் போத்தல் ஒன்றில் குடிதண்ணீர் நிரப்பிக் கொட்டில் தட்டில் வைத்துவிடுவேன். அவர் வேலைக்கு நடுவில் வந்து, வெயிலில் கூசின கண்ணோடு கையை உள்ளே நீட்டிப் போத்தலை எடுத்துக் குடிப்பார்.

புல்லுக்கு அடிக்கிற மருந்தை இங்கே ஒருவர் தனியாக வாங்குவது குறைவு. நாலைந்து தோட்டக்காரர் சேர்ந்து ஒரு கான் வாங்கிப் பங்கு பிரித்துக்கொள்வார்கள். பங்கு போவதும் சோடாப் போத்தலில்தான். வேறு எதில் போகும்? அதற்காக அண்ணை கவனமில்லாத மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. மருந்து விட்ட போத்தலின் கழுத்தில் அவர் சிவப்புத் துணி ஒன்றைக் கிழித்து இறுக்கிக் கட்டிவிடுவார். சிவப்புத் துணி கட்டினதை ஒருவரும் தொடக்கூடாது. அவருடைய வீட்டுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் மகளுக்குச் சொல்ல வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அவளுக்குக் கொட்டிலில் என்ன வேலை?

சாக்கில் பெரிய போத்தல் முடிந்துபோனதுதான் அவளுக்கு அங்கே வேலை.

அன்று அவள் தண்ணீர் வடிகட்டி செய்வதாக இருந்தாள். போத்தலை நடுவில் வெட்டி, மேல்பாதியைத் தலைகீழாகக் கவிழ்த்து, வாயில் துணி வைத்து, அதன் மேல் கரி, அதன் மேல் மணல், அதன் மேல் சின்னக் கற்கள். கலங்கல் தண்ணீரை மேலே விட்டால் கீழே தெளிந்த தண்ணீர் விழும். சிரட்டைக் கரியை அவளே இடித்தாள். முகத்திலும் சட்டையிலும் கரி. பச்சைப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து, "அம்மா, வெட்டித் தாங்கோ" என்றாள். கத்தியை அவளிடம் கொடுக்க எனக்குப் பயம். ஆகவே நானே வெட்டினேன். எங்கே எடுத்தாய் என்று கேட்கவில்லை. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது, கத்தியின் கூரைத் தவிர வேறெதிலும் என் பயம் போகவில்லை.

பிறகு நான் உடுப்பு காயப்போட வெளியே போனேன். திரும்பி வரும்போது அவள் வாசற்படியில் ஒரு கிளாசோடு நின்றாள். கிளாஸ் வெறுமையாக இருந்தது.

"அம்மா, வேலை செய்யுது. நல்ல தெளிஞ்ச தண்ணி. நான் குடிச்சும் பாத்தனான்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. வாய்க்கால் கலங்கலைக் குடித்திருக்கிறாளே, வயிற்றாலே போகப் போகிறதே என்று ஏசத் தொடங்கினேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. பார்வையை வேறு பக்கம் திருப்பினாள். அவள் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். மதில் மேலே முதல் நாள் செய்து வைத்த காற்றுத்திசைகாட்டி. யோகட் கோப்பை, பேனைக் குழாய், ஈர்க்கில். காற்றில் அது மெதுவாகத் திரும்பியது. அதன் வாலில் ஒரு சிவப்புத் துணி ஆடிக்கொண்டிருந்தது.

அவளுடைய இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டுதான் கேட்டேன்.

"அந்தச் சிவப்புத் துணி எங்கை எடுத்தனி?"

"கொட்டிலுக்கை. ஒரு போத்தல் கழுத்திலை கட்டி இருந்தது."

"அந்தப் போத்தலையோ கொண்டுவந்தனி?"

"துணி நேற்று எடுத்தனான், அம்மா. போத்தல் இண்டைக்குத்தான் எடுத்தனான். வெறும் போத்தல்."

"துணி கட்டியிருந்த போத்தலோ, வேறையோ?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் முகம் எப்படி இருந்ததோ, அவள் வாய் கோணி அழத் தொடங்கினாள். "தெரியாது. எல்லாம் ஒரே மாதிரி. நான் கழுவினனான் அம்மா, நல்லாக் கழுவினனான்."

கொட்டிலுக்கு ஓடிப் பார்த்திருக்கலாம். இப்போது எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். அந்த நேரம் என் கால் அந்தப் பக்கம் போகவில்லை. என் மனதில் இருந்தது ஒன்றுதான்: வெறும் போத்தல், கழுவின போத்தல், அதில் வடித்த தண்ணீர் பிள்ளையின் வயிற்றுக்குள். மருந்து முடிந்த போத்தலும் வெறும் போத்தல்தானே. அண்ணைக்குப் போன் அடித்தேன். வெங்காயத்தை ஏற்றிக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குப் போயிருந்தார். லான்ட்மாஸ்டர் உழவு மெஷினின் இரைச்சலில் அவருக்குப் போன் கேட்காது. அடித்து ஓய்ந்தது. ஒழுங்கை முகப்பில் நின்ற ஓட்டோவைக் கூப்பிட்டு, வடிகட்டியை மண்ணும் கரியுமாக ஒரு பையில் போட்டு, அடுப்பை அணைத்தேனா இல்லையா என்றும் தெரியாமல் ஏறினேன்.

ஓட்டோவில் அவள் என் மடியில் இருந்தாள். நான் அவளுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதட்டில் கரி. அது கரிதானா, வேறு ஏதாவதா? விரலால் துடைத்தேன். கரிதான். நாக்கை நீட்டச் சொன்னேன். சிவப்பாக இருந்தது. சிவப்பாக இருக்க வேண்டுமா? நாக்கு எப்போதும் இவ்வளவு சிவப்பா? ஒன்பது வருடம் பார்த்த நாக்கு எனக்கு அன்று புதிதாக இருந்தது.

"சத்தி எடுக்க வையுங்கோ, அக்கா. உப்புத் தண்ணி குடுத்தால் வந்திடும்" என்றார் ஓட்டோக்காரர், கண்ணாடியில் எங்களைப் பார்த்தபடி.

சில மருந்துகளுக்குச் சத்தி எடுக்க வைத்தால் இறங்கும்போது ஒரு முறை, ஏறும்போது ஒரு முறை என்று தொண்டை இரண்டு தரம் எரியும் என்று எங்கேயோ கேட்டிருந்தேன். எது எந்த மருந்து என்று எனக்குத் தெரியாது. எடுக்க வைத்தாலும் பயம், வைக்காவிட்டாலும் பயம். ஒன்றும் செய்யாமல் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "அம்மா, நோகுது" என்றாள். வயிறு நோகிறது என்று நினைத்து எனக்கு உயிர் போய் வந்தது. என் பிடிதான் நொந்திருக்கிறது.

"எனக்கு என்னம்மா நடக்கும்?"

"ஒண்டும் நடக்காது, குஞ்சு."

"அப்ப ஏன் நீங்கள் நடுங்குறியள்?"

ஓட்டோ குலுக்குகிறது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. அவள் சும்மா பிள்ளையல்ல, விஞ்ஞானம் படிக்கிற பிள்ளை.

ஆஸ்பத்திரியில் அவசரப் பகுதியில் இருந்தது ஓர் இளம் பெண் டொக்டர். மகளின் வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சம் அடித்துப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். என்னிடம் திரும்பி, "என்ன மருந்து?" என்றார்.

"புல்லுக்கு அடிக்கிறது."

"பேர்?"

"தெரியாது, டொக்டர்."

"போத்தலைக் கொண்டு வந்தனீங்கள்தானே? அதிலை பேர் இருக்கும்."

நான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பச்சைப் போத்தலின் மேல்பாதி, உள்ளே மணலும் கரியும். பக்கத்தில் ஒட்டியிருந்த கடதாசியில் ஒரு சோடாவின் படம். குமிழிகள் மேலே போகிற மாதிரி, குளிர்ந்த துளிகள் வழிகிற மாதிரி, பார்த்தாலே தாகம் எடுக்கிற மாதிரி. டொக்டர் அந்தப் படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இரத்தம் எடுத்தார்கள். பிறகு தாதி மிஸி ஒரு கோப்பை கொண்டுவந்தார். அதற்குள் கறுப்பாக, குழம்பு போல ஒன்று. மகள் என் சட்டைக்குள் முகத்தை ஒளித்தாள். டொக்டர் குனிந்து, "இது என்னெண்டு தெரியுமோ?" என்று கேட்டார். அவள் ஒரு கண்ணால் எட்டிப் பார்த்தாள், மூக்கைக் கிட்டக் கொண்டுபோனாள்.

"கரியோ?"

"ஓம், கரிதான். வயித்துக்குக் குடுக்கவெண்டு செய்த கரி. உங்கடை வடிகட்டியிலை கரி என்ன செய்தது?"

"ஊத்தையைப் பிடிச்சு வைச்சுக்கொள்ளும். தண்ணியை மட்டும் விடும்."

"இதுவும் அந்த வேலையைத்தான் செய்யப்போகுது. உங்கடை வயித்துக்கை."

அவள் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள். குமட்டியது, நிறுத்தினாள், திரும்பவும் குடித்தாள். பாகற்காய்க் கறிக்கு வீட்டை இரண்டாக்குகிற பிள்ளை. பல்லெல்லாம் கறுப்பாகி என்னைப் பார்த்தாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதேன்.

கணவருக்குச் சொன்னேன். அவர் பகிடி விடவில்லை. "நான் வெளிக்கிட்டிட்டன்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார். அவர் பகிடி விடாததுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து அவள் மூச்சைப் பார்த்தேன். நெஞ்சு ஏறுகிறதா, இறங்குகிறதா? உடனே ஒன்றும் தெரியாது, சில மருந்துகள் மெதுவாகத்தான் வேலையைக் காட்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவர் உண்மையைச் சொல்ல வேண்டியவர், சொன்னார். அந்த மெதுவாக என்ற சொல்லை நான் வைத்துக்கொண்டு இருந்தேன். கத்தரிக்கோலுக்கும் பற்றரிக்கும் பலூனுக்கும் காவல் இருந்தேனே, போத்தலுக்கு இருந்தேனா? பிள்ளையாரே, எனக்கு இந்தப் பிள்ளையைத் தா, வேறொன்றும் கேட்கமாட்டேன் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். வேண்டுதலுக்குக்கூட எனக்கு ஒழுங்கான சொல் வரவில்லை.

வெயில் சாயத் தொடங்கும்போது அண்ணை எடுத்தார். சந்தையால் திரும்பியிருந்தார். நடந்ததைக் கேட்டதும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "போனை வைக்காதையும், தங்கச்சி. நான் கொட்டிலுக்குப் போறன்" என்றார். போனுக்குள் அவர் ஓடுகிற சத்தம் கேட்டது. படலை இழுபட்டது. கொட்டில் கதவின் தகரம் முனகியது. நான் மகளின் கால்விரலைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி நின்றேன்.

"இருக்கு, தங்கச்சி. மருந்துப் போத்தல் இருக்கு. நான் விட்டபடி கழுத்துமட்டும் நிரம்பி இருக்கு. மூடி இறுக்கி இருக்கு. பிள்ளை எடுத்தது நான் போன கிழமை தண்ணி குடிச்சிட்டு வைச்ச வெறும் போத்தல்."

"வடிவாப் பாத்தனீங்களோ, அண்ணை?"

"மணந்தும் பாத்திட்டன். பிள்ளைக்கு ஒண்டும் இல்லை."

அப்படியே கட்டிலின் கரையில் இருந்துவிட்டேன். மகள் என்னம்மா, என்னம்மா என்று கேட்டாள். தலையை மட்டும் ஆட்டினேன். போனை இன்னும் காதில்தான் வைத்திருந்தேன். அண்ணை வைக்கவில்லை. மூச்சு வாங்குவது கேட்டது.

"தங்கச்சி" என்றார் பிறகு. குரல் மாறியிருந்தது. "காலமை எனக்குத் தண்ணி வைச்சனீர்தானே. எங்கை வைச்சனீர்?"

"வழமையா வைக்கிற தட்டிலைதான், அண்ணை."

"ஓம். ரெண்டும் பக்கத்திலை பக்கத்திலை நிக்குது. ரெண்டும் பச்சை. துணியும் இல்லை." தகரக் கதவில் அவர் சாய்கிற சத்தம் கேட்டது. "நான் காலமையிலை இருந்து உதுக்கை கையை விட்டுத்தான் எடுத்துக் குடிச்சனான். ஒருக்காலும் பாத்தெடுக்கேல்லை."

நானும் பார்க்கவில்லை. காலையில் தண்ணீரைக் கொண்டுபோய் அந்தப் போத்தலுக்குப் பக்கத்தில், தோளோடு தோளாக வைத்தது இந்தக் கைதான். மற்றக் கையில் அகப்பையும் மனதில் அரிசியுமாக நின்றேன். நாள் முழுவதும் என் பிள்ளைக்காக நடுங்கினேன். சாவு அவள் பக்கம் வரவே இல்லை. அது தட்டில் நின்றுகொண்டிருந்தது, அந்த மனிதர் தாகமெடுத்து வருகிற ஒவ்வொரு முறையும் கைக்கு எட்டுகிற இடத்தில். அவருக்கும் வீட்டில் மூன்று பிள்ளைகள். அந்த நினைப்பு வந்த பிறகு எனக்கு நிம்மதி என்பதே இல்லாமல் போய்விட்டது.

டொக்டர் எதற்கும் அடுத்த நாள் காலை வரை வைத்துப் பார்த்து, இரத்தத்தில் ஒன்றுமில்லை என்று விட்டார். கணவர் வந்து மகளைத் தூக்கிக்கொண்டார். ஓட்டோவில் வரும்போது அவர் என்னைப் பகிடி பண்ண முயன்றார், பாதியில் நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வந்தபோது சோற்றுப் பானை அடிப்பிடித்துக் கரியாகிக் கிடந்தது. அண்ணை வந்து அடுப்பை அணைத்திருக்கிறார்.

கொட்டில் தட்டு வெறுமையாக இருந்தது. மருந்தை அவர் பங்குக்காரரின் கானுக்கே திரும்ப ஊற்றிவிட்டு, பூட்டுப் போட்ட பெட்டி ஒன்றையும் கொண்டுவந்து மூலையில் வைத்திருந்தார். அன்று தொடக்கம் அவர் கொட்டிலில் தண்ணீர் குடிப்பதில்லை. தாகம் எடுத்தால் குசினி வாசலுக்கு வந்து நின்று, "தங்கச்சி, கொஞ்சம் தண்ணி" என்பார். நான் செம்பில் கொடுப்பேன். செம்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். எனக்கு அது மனவருத்தம் இல்லை. நானும் கொடுக்கும் முன் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

சாக்கை எரித்துவிட வேண்டும் என்று ஒரு நாள் இறக்கினேன். மகள் ஓடிவந்து அதன் மேல் இருந்துவிட்டாள். அழவில்லை. என்ன நடந்தது என்று அவளுக்குச் சொல்லியிருந்தோம். அண்ணைக்கு என்ன நடந்திருக்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை, அதை அவள் தூக்கிக்கொண்டு திரிய வேண்டாம் என்று. சாக்கின் மேல் இருந்தபடி அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள், வடிகட்டியில் எது மேலே எது கீழே என்று யோசித்த அதே முகத்தோடு.

"அம்மா, துணியைக் கழட்டினது என்ரை பிழை. ஓம். ஆனால் மாமா நஞ்சை ஏன் குடிக்கிற போத்தலிலை விட்டவர்?"

அவள் குற்றம் சொல்லிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் சாக்கின் வாயைப் பிடித்தபடி நின்றேன். "ஒரு போத்தலும் வீணாப் போகக்கூடாது எண்டுதான், பிள்ளை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.